ஸ்விட்ச் வாங்கும் முன்: அதை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்?

கணினி, பிரிண்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் ஒன்றாக இணைக்கும் பெட்டிதான் நெட்வொர்க் ஸ்விட்ச். எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள இரண்டு ஸ்விட்ச்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல நேரம் வித்தியாசமே தெரியாது. ஒரே அளவு தகரப் பெட்டி, ஒரே மாதிரித் துளைகள், ஒரே பச்சை விளக்குகள். ஒன்று மேனேஜ்டு, அதாவது உள்ளே போய் நாம் அமைக்கக்கூடியது; மற்றது அன்மேனேஜ்டு, செருகினால் அப்படியே ஓடுவது. விலையில் மட்டும் நல்ல இடைவெளி இருக்கும். எதை வாங்குவது என்று கேட்டால், "வீட்டுக்கு அன்மேனேஜ்டு போதும், ஆபீஸுக்கு மேனேஜ்டு வாங்குங்க" என்று பதில் வரும். கேட்க வசதியான பதில். ஆனால் அதை அப்படியே நம்பி மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்துக் கேபிளைச் செருகியதோடு சரி, அதன் பாஸ்வேர்டுகூட மாற்றப்படாமல் ஐந்து வருடம் ஓடிக்கொண்டிருக்கிற அலுவலகங்கள் ஏராளம். மறுபக்கம், மேசைக்கு அடியில் ஒன்று, மாடியில் ஒன்று, வாசல் அறையில் ஒன்று என்று சின்னப் பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய், ஒருநாள் எல்லாம் நின்றபோது எங்கே பழுது என்று தேடவே அரை நாளைத் தொலைத்தவர்களும் ஏராளம்.

இரண்டு தரப்பும் இடத்தைப் பார்த்து வாங்கினார்கள். ஆளைப் பார்க்கவில்லை. இந்தத் தேர்வில் முதலில் கேட்க வேண்டியது, இந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்பதைத்தான்.

வேகத்தைப் பற்றிய ஒரு தப்பான எண்ணத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். மேனேஜ்டு வாங்கினால் நெட்வொர்க் வேகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. ஸ்விட்சின் அடிப்படை வேலை இரண்டிலும் ஒன்றுதான். ஒரு போர்ட்டில் ஃபிரேம் (தகவலின் ஒரு சின்னப் பொட்டலம்) வந்ததும், அதை அனுப்பிய கருவியின் 48 பிட் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து, "இந்த முகவரி இந்தப் போர்ட்டில் இருக்கிறது" என்று தன் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பிறகு போய்ச் சேர வேண்டிய முகவரியை அதே அட்டவணையில் தேடுகிறது. கிடைத்தால் அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. கிடைக்காவிட்டால் வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்புகிறது. பேச்சுமூச்சில்லாத முகவரியை வழக்கமாக 300 விநாடிக்குப் பிறகு அட்டவணையிலிருந்து எடுத்துவிடுகிறது. இதையெல்லாம் செய்வது ஒரு சிப். ஒரு கிகாபிட் போர்ட்டில் மிகச் சிறிய ஃபிரேம்கள் விநாடிக்கு 14,88,095 வரை வரலாம். விலை குறைந்த அன்மேனேஜ்டு ஸ்விட்ச்கூட இதைச் சளைக்காமல் கையாளும்.

கல்பனா என்ற நிறுவனம் 1990இல் ஏழு போர்ட்டுகளோடு ஈதர்ஸ்விட்ச் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது இதுதான் பெரிய புரட்சி. அதுவரை ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மோதல். 1994இல் அந்த நிறுவனத்தைச் சிஸ்கோ வாங்கியது. அன்று புரட்சியாக இருந்தது இன்று மிகச் சாதாரணமான பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு? மேனேஜ்டு ஸ்விட்சுக்குள் அந்தச் சிப்போடு ஒரு சின்னக் கணினியும் இருக்கிறது. அதற்கென்று ஒரு பிராசஸர், நினைவகம், இயங்குதளம், ஐபி முகவரி. பிரவுசரிலோ கட்டளை வரியிலோ உள்ளே போய் அதனிடம் கேள்வி கேட்கலாம், உத்தரவு போடலாம். அன்மேனேஜ்டு ஸ்விட்சிடம் கேட்க வழியே இல்லை. கேபிளைச் செருகுவது, பிடுங்குவது, இந்த இரண்டு மட்டும்தான் அதோடு நாம் பேசக்கூடிய மொழி.

இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிவது லூப், அதாவது கேபிள்கள் வட்டமாகச் சேரும் கோளாறு, விழும் அன்றுதான். மேசை மேலிருக்கும் ஐபி போனைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கேபிளுக்கு, மற்றது கணினிக்கு. யாரோ இடம் மாறுகிறார். சுவரில் இரண்டு துளை, போனில் இரண்டு துளை, கையில் இரண்டு கேபிள். ஒன்றுக்கு ஒன்று என்று செருகிவிடுகிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த நொடியில் ஸ்விட்சிலிருந்து போனுக்குப் போய், போன் வழியாக மறுபடி ஸ்விட்சுக்கே வரும் ஒரு வட்டம் உருவாகிவிட்டது.

இப்போது ஏதோ ஒரு கணினி, "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று எல்லோரையும் கேட்கிறது. அது பிராட்காஸ்ட், எல்லாப் போர்ட்டுக்கும் போகும். போனுக்குப் போன நகல் இன்னொரு போர்ட் வழியாகத் திரும்பி வரும். வந்ததை ஸ்விட்ச் புதிய ஃபிரேமாகவே நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனதும் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. கேபிளைப் பிடுங்கும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் சுற்றில் சேர்ந்துகொள்ள, சில விநாடிகளில் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்தது போல மின்னும். அதோடு, ஒரே மேக் முகவரி மூன்றாம் போர்ட்டிலும் தெரியும், ஏழாம் போர்ட்டிலும் தெரியும், அட்டவணை குழம்பிப்போகும். பிரிண்டர், போன், கேமரா எல்லாம் பிராட்காஸ்டைப் படித்துப் படித்தே மூச்சுத் திணறும். அலுவலகத்தில் எல்லோரும் இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அன்மேனேஜ்டு ஸ்விட்ச் மட்டுமே இருக்கிற இடத்தில் இதற்கு வைத்தியம் ஒன்றுதான். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கி, விளக்குகள் அமைதியாகின்றனவா என்று பார்ப்பது. ஒரே ஸ்விட்ச் என்றால் இரண்டு நிமிட வேலை. மேசைக்கடியில் கிடக்கும் ஆறு ஸ்விட்ச்கள், எது எதோடு கோத்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றால் அரை நாள்.

மேனேஜ்டு ஸ்விட்சில் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு இந்த வட்டத்தை விழவே விடாது. ராடியா பெர்ல்மன் 1985இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை செய்தபோது உருவாக்கியது இது, 1990இல் 802.1டி என்ற தரநிலையில் இடம்பெற்றது. ஸ்விட்ச்கள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை சின்னச் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. தங்களுக்குள் ஒன்றை வேராக வைத்துக்கொண்டு, அங்கே போக ஒரே ஒரு வழியை மட்டும் திறந்து வைத்து, மீதி வழிகளை அடைத்துவிடுகின்றன. திறந்திருக்கும் கேபிள் அறுந்தால் அடைத்த வழி திறக்கும். ஆபத்தாக இருந்த வட்டமே மாற்றுப் பாதை ஆகிவிடுகிறது. இரண்டு ஸ்விட்ச்களுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டு, ஒன்று போனாலும் மற்றது இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு மேனேஜ்டு தவிர வேறு வழி இல்லை என்பதற்கு இதுதான் காரணம். பழைய ஸ்பானிங் ட்ரீ வழி மாற்ற 30 முதல் 50 விநாடி எடுத்துக்கொண்டது. 2001இல் வந்த ரேபிட் ஸ்பானிங் ட்ரீ பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் முடித்துவிடுகிறது.

இங்கேதான் ஆள் வேண்டும் என்று நான் சொல்வதன் முதல் உதாரணமும் இருக்கிறது. பழைய ஸ்பானிங் ட்ரீ இயங்கும் போர்ட்டில் ஒரு கணினியைச் செருகினால், அந்தப் போர்ட் 15 விநாடி கவனிக்கும், 15 விநாடி கற்றுக்கொள்ளும், அதன்பிறகே ஃபிரேமை விடும். அதற்குள் கணினி டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் ஏற்பாடு) வழியாக ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடலாம். "புது ஸ்விட்ச் போட்டதிலிருந்து காலையில் நெட்வொர்க் வரவே மாட்டேங்குது" என்று புகார் வரும். கணினிகள் செருகும் போர்ட்டுகளை எட்ஜ் போர்ட் என்று குறித்துவிட்டால் போதும், தீர்ந்தது. ஆனால் அதைக் குறிக்க ஒருவர் வேண்டும். குறிக்காத மேனேஜ்டு ஸ்விட்ச், பக்கத்து மேசையில் கிடக்கும் மலிவான பெட்டியைவிட மோசமாகத்தான் தெரியும்.

இதன் பெரிய வடிவத்தை 2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்து பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் பார்க்கலாம். அங்கே இருந்தவை வெறும் பெட்டிகள் அல்ல, நிர்வகிக்கக்கூடிய கருவிகள்தான். ஸ்பானிங் ட்ரீயும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நெட்வொர்க் பல வருடமாகத் துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்தது. ஸ்பானிங் ட்ரீ சரியாக வேலை செய்ய, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்சுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது பரிந்துரை. அங்கே சங்கிலி அதைத் தாண்டி நீண்டுவிட்டிருந்தது. கணக்கு தப்பி, லூப் விழுந்து, நெட்வொர்க் நின்றது. ஏறக்குறைய நான்கு நாட்கள் மருத்துவர்களும் செவிலியர்களும் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள். அன்று அங்கே தகவல் தொழில்நுட்பத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா இதை மறைக்காமல் வெளியில் பேசினார். பலர் பாடம் படிக்க அது உதவியது. அந்த ஸ்விட்ச்களிடம் கேட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கும். கேட்கும் வழக்கம்தான் இல்லாமல் போயிருந்தது.

அடுத்தது வீலேன், ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி. சின்ன இடங்கள் மேனேஜ்டு பக்கம் போக இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஸ்விட்சில் கணக்கு எழுதும் கணினி, கண்காணிப்புக் கேமரா, விருந்தினருக்கான வைஃபை மூன்றும் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்மேனேஜ்டு என்றால் மூன்றும் ஒரே கூடத்தில் இருப்பது போல. கேமராவுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பித்தீர்கள்? அதன் ஓட்டை வழியாக நுழைகிறவனுக்குக் கணக்குக் கணினி அடுத்த நாற்காலி. வீலேன் போட்டால் அதே ஸ்விட்ச் மூன்று தனி ஸ்விட்ச் போல நடந்துகொள்ளும். 1998இல் வந்த 802.1க்யூ தரநிலை ஃபிரேமில் நான்கு பைட் சீட்டு ஒன்றைச் செருகுகிறது. அதில் வீலேன் எண்ணுக்கு 12 பிட். ஒதுக்கப்பட்ட இரண்டைக் கழித்தால் 4094 பிரிவுகள் வரை போகலாம்.

ஆனால் வாங்கியபிறகே பலருக்குத் தெரியவரும் ஒரு விஷயம் உண்டு. பிரித்தால் போதாது, பிரித்த மூன்றுக்கும் இணையம் வேண்டும்; கணக்குக் கணினியிலிருந்து கேமராப் படத்தைப் பார்க்கவும் வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை ரவுட்டரோ ஃபயர்வாலோதான் செய்ய வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த சின்ன ரவுட்டருக்கு வீலேன் தெரியாவிட்டால், ஸ்விட்சில் எவ்வளவு அழகாகப் பிரித்தும் பயன் குறைவு. ரவுட்டரை முதலில் பாருங்கள், ஸ்விட்ச் பிறகு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். பிரிவு இரண்டே இரண்டு, அவை ஒன்றையொன்று தொடவே தேவையில்லை என்றால், இரண்டு அன்மேனேஜ்டு ஸ்விட்ச்களைத் தனித்தனியாக வைத்துவிடுங்கள். கேமராவும் அதன் ரெக்கார்டரும் ஒன்றில், மற்றவை இன்னொன்றில். நடுவில் கேபிளே இல்லாத சுவரை யாராலும் தப்பாக அமைத்துவிட முடியாது.

கண்ணால் பார்க்க முடிவது என்ற பலன் இதற்கெல்லாம் மேல். ஒரு கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். முனையில் ஒரு கம்பி சரியாகப் பதியாவிட்டால் பல நேரம் இணைப்பு அறுந்துபோகாது. சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். எல்லாம் ஓடும், ஆனால் பெரிய ஃபைலைத் திறக்கும்போது மட்டும் அவருக்கு இழுக்கும். "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு" என்று புதுக் கணினி வாங்கிக் கொடுப்பார்கள். அதுவும் இழுக்கும். மேனேஜ்டு ஸ்விட்சின் பக்கத்தைத் திறந்தால் அந்தப் போர்ட்டுக்கு நேராக 100 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும். முனையை வெட்டி மறுபடி அடித்தால் சரியாகிவிடும்.

இன்னொரு வழக்கமான தலைவலி: யாரோ வீட்டிலிருந்து ஒரு வைஃபை ரவுட்டரைக் கொண்டுவந்து தப்பான துளையில் செருகிவிடுவார். அது தானும் டிஹெச்சிபி சர்வர் என்று நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் தவறான ஐபி முகவரி கொடுக்கும். சிலருக்கு நெட்வொர்க் வரும், சிலருக்கு வராது, காரணம் யாருக்கும் புரியாது. மேனேஜ்டு ஸ்விட்சில் அந்த ரவுட்டரின் மேக் முகவரியை அட்டவணையில் தேடினால், "போர்ட் 19" என்று வரும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தப் போர்ட்டை நிறுத்தலாம். இப்படிப்பட்ட தப்பான டிஹெச்சிபி சர்வரைத் தடுக்கும் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் வசதி இருந்து அதை இயக்கியும் வைத்திருந்தால் இந்தத் தேடலே தேவைப்படாது.

கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ வசதி அன்மேனேஜ்டிலும் கிடைக்கிறது. 2003இன் 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டில் 15.4 வாட் வரை, 2009இன் 802.3ஏடி 30 வாட், 2018இன் 802.3பிடி 90 வாட் வரை. ஆனால் எட்டு போர்ட்டும் முழு அளவு தரும் என்று எண்ணிவிடக்கூடாது. எட்டுப் பெருக்கல் 15.4 என்றால் 123 வாட்டுக்கு மேல். பெட்டியின் மொத்தத் திறன் 60 வாட் என்று அடியில் சின்னதாக அச்சிட்டிருக்கலாம். பகலெல்லாம் கேமராக்கள் நன்றாக ஓடும். இருட்டியதும் எல்லாக் கேமராவிலும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும், மின் தேவை கூடும், மொத்தம் எல்லையைத் தாண்டும், கடைசிக் கேமரா அணையும். காலையில் ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். இந்தப் பழுதை அன்மேனேஜ்டு ஸ்விட்சில் கண்டுபிடிக்க ஊகம்தான் துணை. மேனேஜ்டில் எந்தப் போர்ட் எத்தனை வாட் இழுக்கிறது என்று வரிசையாகத் தெரியும். உயரத்தில் மாட்டிய கேமரா உறைந்துபோனால், ஏணி போடாமல் அந்தப் போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கவும் முடியும்.

இவ்வளவு பலனுக்கும் விலை உண்டு, அது பணம் மட்டுமல்ல. உள்ளே கணினி இருக்கிறது என்றால் கணினிக்கு வரும் எல்லா நோயும் அதற்கும் வரும். 2018 ஏப்ரலில் ஈரான், ரஷ்யா உட்படப் பல நாடுகளில் சிஸ்கோ ஸ்விட்ச்களின் அமைப்பு விவரங்களை அழித்து, அமெரிக்கக் கொடியின் படத்தை விட்டுவிட்டுப் போனார்கள் சிலர். அவர்கள் நுழைந்த வாசல், புதுச் ஸ்விட்சை எளிதாக அமைக்க உதவும் ஸ்மார்ட் இன்ஸ்டால் என்ற வசதி. வேலை முடிந்தபின் அதை யாரும் அணைக்கவில்லை, இணையத்தை நோக்கித் திறந்தே கிடந்தது. முகவரியே இல்லாத அன்மேனேஜ்டு ஸ்விட்சை இப்படி யாரும் தூரத்திலிருந்து தொட முடியாது.

சின்ன இடங்களில் இதைவிட அடிக்கடி நடப்பது வேறு. அமைத்துக் கொடுத்தவர் போய்விட்டார், பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் உள்ளே போகலாம், ஆனால் வீலேன் எல்லாம் அழிந்துவிடும். அல்லது, பல மாடல்களில் செய்த மாற்றம் உடனே வேலை செய்யும். நிரந்தரமாக இருக்க "சேவ்" என்று தனியாகச் சொல்ல வேண்டும். அதை மறந்தால், எட்டு மாதம் கழித்து மின்சாரம் போய் வரும் அன்று ஸ்விட்ச் பழைய நிலைக்குத் திரும்பும். எட்டு மாதம் முன்பு என்ன செய்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

நடுவில் ஸ்மார்ட் ஸ்விட்ச் என்று ஒரு வகை விற்கிறார்கள். பிரவுசரில் திறக்கும் எளிய பக்கம், வீலேன், கொஞ்சம் புள்ளிவிவரம். பத்திருபது பேர் உள்ள இடத்துக்குப் பெரும்பாலும் இதுவே சரி. ஆனால் இந்தப் பெயருக்குள் என்ன இருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஸ்பானிங் ட்ரீ இருக்கிறதா அல்லது லூப்பைக் கண்டால் விளக்கு மட்டும் காட்டுமா, நிர்வாகப் பக்கத்தை ஒரே ஒரு வீலேனுக்குள் அடைக்க முடிகிறதா, கடைசி ஃபர்ம்வேர் எப்போது வெளியானது, இந்த மூன்றையும் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிளவுட் வழியாக நிர்வகிப்பவை வசதியானவை. சிலவற்றுக்கு உரிமக் கட்டணம் வருடா வருடம் தொடரும்.

இனி என் கணக்கு. ஒரே அறை, ஒரே ஸ்விட்ச், நாலைந்து கருவிகள், எல்லாம் ஒருவருடையவை: அன்மேனேஜ்டு. தயங்கவே வேண்டாம். இரண்டாவது ஸ்விட்ச் வரும்போது கொஞ்சம் நிற்கவும். மூன்றாவது வரும்போது, அல்லது அந்நியர் ஒருவரின் கருவி உங்கள் நெட்வொர்க்கில் சேரும்போது, நடுவில் இருப்பதை மேனேஜ்டு ஆக்கிவிடவும். எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. மற்றவை எல்லாம் வந்து சேரும் அந்த மையப் பெட்டி மட்டும் பேசத் தெரிந்ததாக இருந்தால், ஓரங்களில் ஊமைப் பெட்டிகள் இருந்தாலும் எந்தக் கிளையில் கோளாறு என்றாவது தெரியும். ஒரு எச்சரிக்கை: சில அன்மேனேஜ்டு ஸ்விட்ச்கள் ஸ்பானிங் ட்ரீயின் செய்தியை அப்படியே கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்குகிற பெட்டிக்குக் கீழே லூப் விழுந்தால் மையத்திலிருப்பதற்குத் தெரியாது. ஆகவே மையத்தில் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் இயக்கி வையுங்கள். லூப்பை அது தடுக்காது, பிராட்காஸ்ட் வெள்ளம் மற்ற கிளைகளுக்குப் பரவாமல் பார்த்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க ஒருவர் கிடைக்கமாட்டார் என்றால், மேனேஜ்டு வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கேபிள் போடுங்கள்.

கிடைப்பார் என்றால், அவருடைய முதல் நாள் வேலை அரை மணி நேரம்தான். பாஸ்வேர்டை மாற்றி, ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, ரேபிட் ஸ்பானிங் ட்ரீயை இயக்கி, தேவையில்லாத சேவைகளை அணைக்கச் சொல்லுங்கள். சேவ் செய்தபின் அந்த அமைப்புக் கோப்பை வேறொரு கணினியிலும் பத்திரப்படுத்தட்டும். பிறகு ஒவ்வொரு போர்ட்டுக்கும் பெயர் எழுத வேண்டும்: 1 ரவுட்டர், 2 மாடி ஸ்விட்ச், 7 வாசல் கேமரா, 19 பிரிண்டர். அதையே ஒரு தாளில் அச்சிட்டு ஸ்விட்ச் இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடட்டும், தேதியோடு.